நீலம் பிழிந்த கைகள்

(கைத்தறி, சாயத் தொழிலாளர்களின் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீலச் சாயம் என்ற பேச்சு எழுந்தவுடனே நமது நாட்டில் இரண்டு சம்பவங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒன்று, 1859-ல் வங்காளத்து விவசாயிகள் இனி அவுரி விதைக்க மாட்டோம் என்று வெள்ளைத் தோட்ட முதலாளிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது. மற்றொன்று, 1917-ல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போனது. இரண்டும் மகத்தான போராட்டங்கள். அவற்றைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நாம் சொல்லப்போவது அதற்கு முந்திய கதை. வங்காளத்தில் நீலத் தோட்டம் போடுவதற்கு முன்னால் பிரிட்டிஷ்காரன் எங்கே போட்டான்? யாரை வைத்துப் போட்டான்? வேலை தெரிந்த கைகள் அவனுக்கு எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால் ஆப்பிரிக்காவில் போய் நிற்போம்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள். உங்களுக்கு நாம் சாயத் தொழில் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்தான். ஆனாலும் இளந்தோழர்கள் பலர் டப்பாவில் வருகிற பொடிச் சாயத்தை மட்டுமே பார்த்தவர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

அவுரி இலையைக் கிள்ளிப் பார்த்தால் அதில் நீலம் தெரியாது. மற்ற இலைகளைப் போலப் பச்சைதான். வெட்டிய தழையைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, மேலே பாரம் வைத்து ஓர் இரவு ஊறப் போடவேண்டும். அது புளித்து நுரை கட்டும். அந்தத் தண்ணீரை வேறு தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி மணிக்கணக்கில் அடிக்கவேண்டும். காற்றுப் பட்ட பிறகுதான் நீலம் பிறக்கிறது. அடியில் வண்டலாகப் படிகிறது. வண்டலை வடிகட்டி, கட்டியாக வெட்டி, நிழலில் காயவைத்தால் சரக்குத் தயார். ஆனால் அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலில் எப்படி ஏறும்? ஆகையால் அதைக் கரைப்பதற்கு இன்னொரு முறை புளிக்க வைக்கவேண்டும். நமது பெரியவர்கள் சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் சேர்த்துத் தாழி கட்டினார்கள். தாழிக்குள் இருக்கும்வரை சாயம் மஞ்சள் கலந்த பச்சை. துணியைத் தூக்கினால் காற்றுப் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். தாழி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதை நுரையைப் பார்த்தும் முகர்ந்தும் சொல்வார்கள். சில பேர் நாக்கில் வைத்தும் சொல்வார்கள். ரசாயனம் படித்தவர்கள் இதற்குக் காரணம் கண்டுபிடித்தது மிகச் சமீபத்தில். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வித்தை உழைக்கிறவர்களின் கையிலும் மூக்கிலும் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி தேசத்துப் பாண்டியாகரா மலைக் குகைகளில், இறந்தோரோடு வைக்கப்பட்ட பழந்துணிகள் கிடைத்திருக்கின்றன. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அவற்றில் உண்டு. நீலம் தோய்த்த பருத்தி நூலால் கோடும் கட்டமுமாக நெய்தவை. அதாவது, ஐரோப்பியக் கப்பல் அந்தக் கரையை எட்டிப் பார்ப்பதற்கு நானூறு வருஷங்களுக்கு முன்னாலேயே அங்கே நெசவும் இருந்தது, நீலமும் இருந்தது. 'இருண்ட கண்டம்' என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தக் கண்டத்தில்தான்.

நைஜீரியாவின் வடக்கே கானோ என்று ஒரு பழைய நகரம். அங்கே கோஃபர் மாட்டா என்ற வாசலருகில் தரையில் கிணறுபோல் தோண்டிய சாயக் குழிகள் இருக்கின்றன. 1498-ல் ஏற்பட்டவை என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். நீலமும் சாம்பலும் சேர்த்து நாள் கணக்கில் புளிக்கவிட்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து துணியை முக்கி எடுப்பார்கள். அங்கே இது ஆண்களின் தொழில். தோய்த்து உலர்ந்த துணியை மரத்தடியால் அடித்து அடித்துப் பளபளக்கச் செய்வார்கள். சகாரா பாலைவனத்துத் துவாரெக் மக்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் நீலத் தலைப்பாகை கானோவிலிருந்துதான் ஒட்டகத்தில் போயிற்று. 1851-ல் அங்கே போன ஹைன்ரிக் பார்த் என்ற ஜெர்மானிய யாத்திரிகர், கானோவின் துணி பாலைவனம் தாண்டி வடக்கே திரிப்போலி வரைக்கும் மேற்கே திம்புக்து வரைக்கும் விலைபோவதைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

நைஜீரியாவின் தெற்கே யொரூபா மக்களிடத்தில் சாயத் தொழில் பெண்களுடையது. அவர்கள் உபயோகிப்பது நமது அவுரி அல்ல. 'ஏலு' என்று அவர்கள் அழைக்கும் ஒரு கொடி. அதன் இளந்தழையை உரலில் இடித்து, உருண்டை பிடித்துக் காயவைத்துச் சந்தையில் விற்பார்கள். சாம்பலைத் துளைப் பானையில் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிற காரத் தண்ணீரில் அந்த உருண்டைகளைப் போட்டுத் தாழி கட்டுவார்கள். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் சித்திரம் எழுதி, பிறகு தோய்ப்பார்கள். கஞ்சி பட்ட இடத்தில் சாயம் ஏறாது. 'ஆதிரே' என்று பெயர். இபாதான் நகரத்து மண்டபத்தின் தூண்கள்கூட அந்தத் துணியில் வடிவமாக வரும்.

இந்தப் பெண்கள் வெறும் கைவினைக்காரிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1930-களில் அபேயோகுட்டா நகரத்தில், செயற்கை நீலமும் காரச் சோடாவும் உபயோகிக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து தடை வந்தது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பேச்சு. சாயக்காரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வக்கீல் வைத்து வாதாடினார்கள். விறகு சுமந்து, சாம்பல் எரித்து, நாள் கணக்கில் காத்திருந்து நஷ்டப்படுகிறவள் அவள்; பாரம்பரியம் பேசுகிறவன் இன்னொருவன்! நமது கைத்தறிக்கும் இந்த மாதிரிப் பாதுகாவலர்கள் உண்டல்லவா? அதே ஊரின் சந்தைப் பெண்கள் 1940-களின் கடைசியில் ஃபன்மிலாயோ ரான்சம்-குட்டியின் தலைமையில் வரிக் கொடுமையை எதிர்த்துத் திரண்டு, 1949-ல் மன்னரையே பதவி துறக்க வைத்தார்கள்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறோம். போர்த்துகீசியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எதிரே உள்ள கேப் வெர்டே தீவுகளைப் பிடித்து, கறுப்பு அடிமைகளைக் குடியேற்றி, அவர்களையே பருத்தியும் நீலமும் விளைவிக்கச் செய்து, அவர்களையே நெய்யவும் தோய்க்கவும் வைத்தார்கள். அந்த நீல வெள்ளைத் துணி கினியாக் கரையில் நாணயம் மாதிரி செல்லும். அதைக் கொடுத்து மேலும் அடிமைகளை வாங்கினார்கள். அடிமை நெய்த துணியால் அடுத்த அடிமைக்கு விலை!

இதில் நமது கரைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மூடி மறைப்பது நேர்மையல்ல. சோழமண்டலக் கரையில் நெய்து, நமது அவுரியில் தோய்த்த நீலத் துணிக்கு ஐரோப்பிய வியாபாரிகள் வைத்த பெயரே 'கினித் துணி'. கினியாக் கரைக்குப் போவதால் அந்தப் பெயர். 18-ம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்குவதற்காகக் கப்பலில் ஏற்றிய சரக்கில் இந்தியத் துணிக்கு முக்கியமான இடம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியின் நீலத் துணியைச் செனகல் நதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். அந்த நதிக்கரை வியாபாரிகள் துணியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்து, பிரான்சில் ஆலையில் செய்த போலிச் சரக்கை வேண்டாமென்று தள்ளினார்கள். நமது சாயக்காரனின் கைக்கு அவ்வளவு மதிப்பு. அவனுக்கு அந்தச் சேதியே எட்டியிருக்காது. தான் தோய்த்த துணி எந்த ஊரில் எந்தப் பாவத்துக்கு ஈடாகப் போகிறது என்பதையும் அவன் அறிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கினித் துணி வியாபாரத்துக்காகத்தான் புதுச்சேரியில் முதல் ஆலை எழுந்தது. அதே ஊரின் ஆலைத் தொழிலாளிகள் 1936 ஜூலை 30-ந் தேதி உரிமைக்காகப் போராடியபோது 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு இரையானார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம்.

அடுத்தது அமெரிக்கா. சௌத் கரோலினா அப்போது பிரிட்டிஷ் காலனி. 1739-ல் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அருகே வாப்பூ என்ற பண்ணையின் பொறுப்பை எலிஸா லூகாஸ் என்ற 16 வயதுப் பெண் ஏற்றாள். அவள் தந்தை ஆண்டிகுவா தீவில் அதிகாரி. அங்கிருந்து விதைகள் அனுப்பினார். 1744-ல் நல்ல மகசூல் கண்டது. அமெரிக்காவுக்கு நீலம் தந்த அம்மையார் என்று பள்ளிக்கூடப் பாடங்களிலே அவள் பெயர் நிற்கிறது. 1793-ல் அவள் இறந்தபோது ஜனாதிபதி வாஷிங்டனே பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர் என்று சொல்கிறார்கள். புத்திசாலிப் பெண் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 16 வயதுச் சிறுமிக்குத் தாழியின் வாசனை எப்படித் தெரியும்?

தந்தை முதலில் மான்செராட் தீவிலிருந்து நிபுணர் என்று ஒரு வெள்ளையரை அனுப்பினார். அவர் சுண்ணாம்பை அளவுக்கு மீறிக் கொட்டிச் சரக்கைக் கெடுத்தார். தம்முடைய தீவின் வியாபாரம் படுத்துவிடும் என்று வேண்டுமென்றே கெடுத்தார் என்பது எலிஸாவின் குற்றச்சாட்டு. பிறகு பிரெஞ்சுத் தீவு ஒன்றிலிருந்து நீலம் காய்ச்சத் தெரிந்த ஒரு கறுப்பு மனிதரைத் தந்தை அனுப்பிவைத்தார். வெள்ளை நிபுணரின் பெயர் குரோம்வெல் என்று சரித்திரத்தில் இருக்கிறது. கறுப்பு நிபுணர் பெயரில்லாமலே வந்து போகிறார். தொட்டிகளைக் கட்டியவர் குவாஷ் என்ற அடிமைத் தச்சர். அவர் பிற்பாடு விடுதலை பெற்று ஜான் வில்லியம்ஸ் என்ற பெயரில் வாழ்ந்தார். அவர் பெயர் மிஞ்சியது அபூர்வம். வயலில் தழை வெட்டியவர்கள், தொட்டித் தண்ணீரை அடித்தவர்கள், வண்டலைப் பிழிந்தவர்கள் எல்லோரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் அல்லது அவர்கள் பிள்ளைகள். செனகாம்பியாவிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் வந்தவர்களில் நீலமும் பருத்தியும் நெல்லும் தெரிந்தவர்கள் உண்டு என்று இன்றைய சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அழுகிய தழையின் நாற்றம் தாங்காமல் முதலாளி வீட்டைவிட்டுத் தூரத்தில் தொட்டிகளைக் கட்டினார்கள். ஈக்கள் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். கரோலினாவின் கோடை வெயிலில் அந்தத் தொட்டியருகே நின்று துடுப்பால் தண்ணீரை அடிக்கவேண்டும். 1748-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இந்த நீலத்துக்கு ராத்தலுக்கு 6 பென்ஸ் உதவித் தொகை கொடுத்தது, முதலாளிக்குத்தான். 1775-ல் அந்தக் காலனியிலிருந்து 10 லட்சம் ராத்தலுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. அமெரிக்கா சுதந்திரம் அடைந்ததும் உதவித் தொகை நின்றது. பிரிட்டிஷ் மூலதனம் கரோலினாவை உதறிவிட்டு வங்காளத்துக்கு வந்தது. நமது விவசாயியின் கழுத்தில் கட்டிய கயிறு அங்கே திரித்த கயிறுதான். 1897-ல் ஜெர்மானியக் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து அதையும் அறுத்தது; அது தனிக் கதை.

எலிஸா பண்ணையை ஏற்ற அதே 1739-ல், வாப்பூ ஓடைக்குப் பக்கத்திலேயே, ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதம் எடுத்து எழுந்தார்கள். செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. எழுச்சி நசுக்கப்பட்டது. அடுத்த வருஷமே, 1740-ல், காலனி சபை ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தில் இரண்டு ஷரத்துக்களை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒன்று: அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பவனுக்கு 100 பவுன் அபராதம். மற்றொன்று: அடிமைகள் முரட்டுத் துணியைத் தவிர வேறு எதையும் உடுத்தக் கூடாது. அனுமதிக்கப்பட்ட முரட்டுத் துணிகளின் ஜாபிதாவில் நீல லினனும் ஒன்று. நீலத்தைக் காய்ச்சலாம், முரட்டு நீலத்தை உடுத்தலாம், ஆனால் காகிதத்தில் ஒரு வரி எழுதக் கூடாது!

அப்படியானால் இவர்களின் திறமை எந்தக் காகிதத்திலாவது பதிவாயிற்றா? ஆயிற்று. முதலாளி செத்த பிறகு எடுத்த சொத்து ஜாபிதாவில், மாட்டுக்கும் மேஜைக்கும் நடுவே, நீலம் காய்ச்சத் தெரிந்தவன் என்று குறித்து அதிக விலை போட்டிருப்பார்கள். விற்பனை விளம்பரத்திலும் அப்படியே. தொழில் தெரிந்தவன் என்பதற்கு எழுத்தில் கிடைத்த சாட்சி அவன் தலைக்கு வைத்த விலைதான்.

அந்தக் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று ஐரோப்பாவில் எல்லாக் காகிதமும் கைக்காகிதமே. கந்தல் பொறுக்குகிறவர்கள் தெருத்தெருவாகச் சேகரித்த பழந்துணியை அழுகவிட்டு, இடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளி, கம்பளியில் கவிழ்த்து, அழுத்திக் காயவைத்தார்கள். நீலம் ஏறிய கந்தலை வெளுக்க அன்று வழியில்லை. ஆகையால் அதைத் தனியே கூழாக்கி நீலக் காகிதம் செய்தார்கள். உழைப்பாளியின் கிழிந்த சட்டை அது. சர்க்கரைக் கட்டியைச் சுற்ற அந்தக் காகிதம் போயிற்று. சர்க்கரையும் அடிமைத் தோட்டத்துச் சரக்குத்தான். வெனிஸ் நகரத்து ஓவியர்களுக்கு அந்த நீலத் தாள் மிகவும் பிடித்துப்போயிற்று. 1506-ல் அங்கே தங்கியிருந்த டூரர் என்ற ஜெர்மானிய மேதையும் நீலத் தாளில் வரைந்தார். இன்று மியூசியங்களில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஓவியன் பெயர் கீழே இருக்கிறது. சாயம் போட்டவன் பெயரும் கந்தல் பொறுக்கியவள் பெயரும் எங்கே?

இப்போது ஆப்பிரிக்க வம்சத்துக் கலைஞர்கள் சிலர் இந்தச் சாயத்தை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள். நைஜீரியாவின் நிக்கே ஒகுண்டாயே என்ற அம்மையார் 1983-ல் ஒஷோக்போ நகரில் நிலையம் அமைத்து, ஏழைப் பெண்களுக்கு இலவசமாக ஆதிரே கற்றுக் கொடுத்தார். மாலியில் பிறந்த அபூபக்கர் ஃபொஃபானா எழுத்துக் கலையிலிருந்து நீலத்துக்கு வந்தவர். அமெரிக்காவில் ஜூலி டாஷ் என்ற பெண் டைரக்டர் 1991-ல் எடுத்த படத்தில், அடிமையாயிருந்த கிழவியின் கைகள் நீலமாகவே இருக்கும். நீலம் தோலில் ஆயுளுக்கும் நிற்காது என்பது சாயப்பட்டறைத் தோழர்களுக்குத் தெரியும். அந்த டைரக்டருக்கும் தெரியும். தெரிந்தேதான் அப்படிக் காட்டினார்.

துணியோடு நில்லாமல் கைக்காகிதத்தையும் தாழியில் தோய்த்து ஓவியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். துணிக்குப் போடுகிற சாயத்தைக் காகிதத்துக்குப் போட்டு என்ன பிரயோஜனம் என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். வயிற்றுக்குச் சோறு போடாத கலையைப் பற்றி நமக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் எழுதத் தடை செய்யப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அதே தடையின் கருவியான காகிதத்தைத் தங்கள் கையாலேயே வார்த்து, தங்கள் மூதாதையரின் சாயத்தில் முக்கி எடுக்கும்போது அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது.

நமக்கு இதில் நேரடியான அக்கறையும் இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. இயற்கை நீலம் என்று வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகிறது. பனியன் கம்பெனிக் கழிவுத் துணியிலிருந்து கைக்காகிதம் செய்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கானோவிலோ இறக்குமதியாகும் மலிவுத் துணி சாயக் குழிகளை ஒன்றொன்றாக மூட வைக்கிறது. எல்லா இடத்திலும் கதை ஒன்றே: பொருளின் மேல் ஒட்டுகிற சீட்டில் கடைக்காரன் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர்கூடச் சில சமயம் இருக்கிறது. தோய்த்தவர் பெயரும் அவருக்குக் கொடுத்த கூலியும் இருப்பதில்லை. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் இந்த இரண்டையும் கோரிக்கையாக வைக்கலாமா என்று சங்கக் கமிட்டி ஆலோசிக்க வேண்டும் என்பது நமது யோசனை.

காகிதம் தாழியில் கரைந்துவிடாதா என்றும் கேட்டீர்கள். பசை ஏற்றாத பருத்திக் காகிதம் கரைந்துதான் போகும். நீண்ட நார் உள்ள மரப்பட்டைக் காகிதம் தாங்கும். பருத்தித் தாளானால் முதலில் மாவுப் பசை ஏற்றி நன்றாகக் காயவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்து, சல்லடைமேல் படுக்கவைத்து, நுரை எழும்பாமல் மெல்ல இறக்கி, சிறிது நேரத்திலேயே எடுத்துவிட வேண்டும். நிறம் போதாவிட்டால் காற்றாட விட்டு இன்னொரு தடவை. ஒரேயடியாக ஊறப்போட்டால் தாள் போய்விடும். கடைசியில் துளி வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் காரம் இறங்கும். இவ்வளவு தொல்லை வேண்டாமென்றால், பழைய ஆட்கள் செய்ததுபோல் நீலத் துணியையே கூழாக்கிவிடலாம். தகரை விதைத் தாழியில் காகிதத்தைத் தோய்த்துப் பார்த்த தோழர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுந்து சொல்லலாம்.